நிற்கிற வண்டிதான் கெடும்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவனிடம் நம் ஊரில் முதலில் கேட்பது, "லிட்டருக்கு எவ்வளவு சார் குடுக்குது?" அடுத்தது, "ரெண்டு பேர்தான் உக்கார முடியுமா?" இரண்டுக்கும் சிரித்தபடி பதில் சொல்லித் தப்பித்துவிடலாம். மூன்றாவது கேள்வியை வெளியார் கேட்பதில்லை, வீட்டில்தான் கேட்பார்கள். என் அம்மா கேட்டார்: "நட்டநடு ரோட்டுல நின்னுடுச்சுன்னா என்னடா பண்ணுவே?"

அம்மாவுக்கு அன்று சொன்ன பதில் சுருக்கமானது. இது கொஞ்சம் நீளமானது.

தேர்வாய் கண்டிகை சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். பம்ப், கம்ப்ரசர், கியர்பாக்ஸ், கன்வேயர் எல்லாம் நிற்காமல் ஓட வேண்டும்; அதற்குத்தான் எனக்குச் சம்பளம். நின்றால் ராத்திரி இரண்டு மணிக்கும் போன் வரும். இப்படி இயந்திரங்களின் உடம்புக்குக் காவல் இருந்தே பாதி ஆயுள் போனவன், நாற்பதைத் தாண்டிய பிறகு, பத்து வயது தாண்டிய ஒரு ஜெர்மன் இரண்டு இருக்கை வண்டியை வாங்கினேன். துணிக்கூரை, இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். எனக்கு முன் இரண்டு கை மாறி வந்தது. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் படிப்பவர்களில் பாதிப் பேர் "ஐயோ, அதுவா?" என்பார்கள், மீதிப் பேர் "அதைவிட இது நல்லாருக்குமே" என்பார்கள். நான் எழுத வந்த விஷயம் எந்த வண்டிக்கும் பொருந்தும்.

முதல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவன் வண்டியைவிட அதன் வியாதிகளைப் பற்றித்தான் அதிகம் படித்திருப்பான். இந்த இன்ஜினில் டைமிங் செயின் போகும், அந்தக் கியர்பாக்ஸில் மெகட்ரானிக்ஸ் போகும், இன்னொன்றில் உயர் அழுத்தப் பெட்ரோல் பம்ப் போகும் என்று ஒரு பட்டியல் மனப்பாடமாக இருக்கும். இதில் மிகப் பிரபலமான கதை போர்ஷே பாக்ஸ்டருடையது. 1997 மாடலில் வந்த அந்த இன்ஜினுக்குள் ஓர் இடைநிலை ஷாஃப்ட் உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்குவது சின்ன பேரிங். அது சிதறினால் இன்ஜினே போய்விடும். அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான பாக்ஸ்டர், 911 உரிமையாளர்கள் சேர்ந்து வழக்குப் போட்டு, 2013இல் சமரசம் ஆனது. 2009 மாடல் முதல் அந்த ஷாஃப்டே இல்லாத புது இன்ஜினைக் கம்பெனி கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் எவனாவது இரண்டு இருக்கை வண்டி வாங்கினால், "பேரிங் மாத்திட்டீங்களா?" என்று கேட்க ஒருவர் இருக்கிறார். என் வண்டிக்கும் அந்த பேரிங்குக்கும் சம்பந்தமே இல்லை. என்னையும் கேட்டார்கள்.

அந்தப் பழைய வண்டிகளிலும் பேரிங் சிதறியவை நூற்றுக்குப் பத்தைத் தொடுவதில்லை. பத்தையே தொட்டிருந்தாலும் மீதித் தொண்ணூறு வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓடுகிற வண்டியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆலையிலும் அப்படித்தான், எட்டு வருஷம் சத்தமில்லாமல் ஓடிய மோட்டாரைப் பற்றி எந்த மீட்டிங்கிலும் பேச்சு வராது.

பராமரிப்புத் துறையில் இருப்பவர்கள் படிக்க வேண்டிய அறிக்கை ஒன்று உண்டு. 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் பொறியாளர்களான நோலனும் ஹீப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக எழுதியது. விமான உதிரிபாகங்கள் எந்த வயதில் கெடுகின்றன என்று கணக்கெடுத்தார்கள். 'வயசானால் தேயும், தேய்ந்தால் கெடும்' என்று நாம் எல்லோரும் நம்புகிற விதி அவர்கள் பார்த்த பாகங்களில் வெறும் 11 சதவீதத்துக்குத்தான் பொருந்தியது. மீதி 89 சதவீதத்தில் வயதுக்கும் பழுதுக்கும் நேரடித் தொடர்பு தெரியவில்லை. இன்னும் ஆச்சரியம், 68 சதவீதப் பாகங்கள் புதிதாக மாட்டிய உடனே கெடுகிற வாய்ப்புத்தான் அதிகம். அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டால் அமைதியாக ஓடும்.

கார் விமானம் இல்லை, தெரியும். ஆனால் இந்த அறிக்கை பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவனுக்கு ஒரு பெரிய தொந்தரவைத் தவிர்த்துக் கொடுக்கும். வண்டி வீட்டுக்கு வந்ததும் கை அரிக்கும். எல்லாவற்றையும் புதிதாக்கிவிட்டால் நிம்மதி என்று தோன்றும். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், காயில், சென்சார், புஷ், மவுண்ட் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பிரித்துப் போட்டால், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பத்துப் பாகங்களைக் கழற்றி, எப்படி ஓடும் என்றே தெரியாத பத்தை மாட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். போதாக்குறைக்குக் கழற்றும்போது உடைகிற கிளிப், சரியாக உட்காராத கனெக்டர், இரண்டு சுற்று குறைவாக முறுக்கிய போல்ட். அடுத்த வாரம் ஒரு சத்தம் வந்தால் எந்தக் கை வேலையால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே நான் வைத்திருக்கும் விதி, ஒரு நேரத்தில் ஒரு வேலை. செய்த பிறகு ஒன்றிரண்டு வாரம் ஓட்டுவது. பிறகுதான் அடுத்தது. ஆலையில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஹிஸ்டரி கார்டு என்று ஒன்று உண்டு. என் வண்டிக்கும் நாற்பது பக்க நோட்டில் அப்படி ஒன்று எழுதுகிறேன். தேதி, கிலோமீட்டர், என்ன செய்தது, யார் செய்தது, அன்றைக்கு வெயிலா மழையா. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "பசங்களோட தடுப்பூசி அட்டைகூட இவ்வளவு ஒழுங்கா இல்லை" என்றாள். நியாயமான குற்றச்சாட்டு.

தொட வேண்டாதவை இவ்வளவு என்றால், தொட்டே தீர வேண்டியவையும் உண்டு. வயதால் நிச்சயம் கெடுகிற அந்தச் சிறு கூட்டம் திரவம், ரப்பர், பிளாஸ்டிக் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். இவற்றுக்கு ஓடோமீட்டர் தெரியாது, காலண்டர்தான் தெரியும். "வெறும் முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு சார்" என்று விற்கிறவர் பெருமையாகச் சொல்லும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பிரேக் ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அதற்குக் கேட்கப்படும் குறைந்தபட்சக் கொதிநிலை 155தான். பழவேற்காடு ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆயில் டீ டிகாஷன் மாதிரி கறுத்திருந்தால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்; தேன் போல வெளுப்பாக இருந்தாலும் நம்பிவிடக் கூடாது, சேர்ந்த ஈரம் நிறத்தில் தெரியாது. நாகலாபுரம் மலைப்பக்கம் இறங்கி வரும்போது தொடர்ந்து பிரேக் பிடித்து ஆயில் கொதித்துவிட்டால் மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற ஆகும் செலவு, குடும்பத்தோடு ஒருநாள் ஓட்டலில் சாப்பிடுகிற காசு. ஆயிரக்கணக்கில் கொடுத்து அலாய் வீலுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் இதை மறப்பார்கள்.

கூலன்ட் டேங்கும் அப்படி. பிளாஸ்டிக். இன்ஜின் அறைச் சூட்டில் வருஷக்கணக்காக வெந்து, வெளுத்து, தட்டினால் ஓட்டுச்சில்லு சத்தம் கொடுக்கும். என் வண்டியில் அதன் அடிப்பக்கத் தையலில் மயிரிழை அளவு ஒரு வெடிப்பு இருந்தது. ஒழுகவில்லை. சூடானபோது மட்டும் வியர்த்தது, ஆறியதும் அந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு பொருக்கு. டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். அது நான் வாங்கிய பின் மாற்றிய முதல் பாகம்.

டயர் விஷயத்தில் தேர்வாய்க்காரனுக்குக் கூடுதலாகச் சொல்ல உண்டு. எங்கள் சிப்காட்டில்தான் மிஷெலின் ஆலை இருக்கிறது, லாரிக்கும் பஸ்ஸுக்கும் ரேடியல் டயர் செய்கிறார்கள். ரேடியல் டயருக்கு 1946இல் காப்புரிமை வாங்கிய கம்பெனி. டீக்கடையில் டயர்க்காரர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டாலே பாதி படிப்பு வந்துவிடும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம் பிறந்தது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பட்டன் தேயாமல் பளபளவென்று இருக்கும் டயருக்கு எட்டு, ஒன்பது வயது ஆகியிருக்கும். பார்க்க இளமை, உள்ளே ரப்பர் இறுகிக் கல்லாகியிருக்கும். மழை ரோட்டில் அது பிடிக்காது. வண்டி பார்க்கப் போனால் பானெட்டைத் திறப்பதற்கு முன் குனிந்து இந்த எண்ணைப் படியுங்கள். நான்கு டயரும் ஒரே வயதா, ஒரே வகையா என்று பாருங்கள். முந்தைய உரிமையாளர் எப்படிப்பட்டவர் என்று அந்த நான்கு டயரும் சொல்லிவிடும்.

அம்மாவின் கேள்விக்கு உண்மையான பதிலும் டயரில்தான் இருக்கிறது. வண்டி நடுரோட்டில் நிற்பதற்கு முதல் காரணம் இன்ஜினாக இருக்காது, பஞ்சராக இருக்கும். கும்மிடிப்பூண்டி சுற்றுவட்டாரம் முழுக்க இரும்பு உருக்கும் ஆலை, கம்பி உருட்டும் ஆலை. பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் ரோடெல்லாம் போல்ட்டும் தகடும் சிந்திக்கொண்டே போகும். ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது. ஒரு டப்பா பசையும் குட்டி கம்ப்ரசரும்தான் இருக்கும். அந்தப் பசைக்குக் காலாவதி தேதி உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. இழுத்துச் செல்ல மாட்டும் கொக்கி, டூல் பையில் தனியாக இருக்கும், பம்பரில் ஒரு சின்ன மூடியைத் திறந்து திருக வேண்டும். இதையெல்லாம் வீட்டு வாசலில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டால், ராத்திரி பத்து மணிக்குக் கவரைப்பேட்டையைத் தாண்டி நின்றாலும் கை நடுங்காது. கொக்கி இருக்கிறதே என்று, தரையோடு தரையாக இருக்கும் வண்டியைக் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். முழு வண்டியையும் மேலே ஏற்றும் ரெக்கவரி வண்டிக்காரர் நம்பர் போனில் இருக்க வேண்டும்.

இனி தலைப்புக்கு வருகிறேன். எங்கள் ஆலையில் முக்கியமான இடங்களில் இரண்டு பம்ப் வைத்திருப்போம். ஒன்று ஓடும், மற்றது ஸ்டேண்ட்பை. ஓடுகிற பம்ப் வருஷக்கணக்கில் ஓடும். அது நிற்கும் அன்று ஸ்டேண்ட்பையைப் போட்டால், சீல் ஒட்டிக்கொண்டு ஒழுகும், அல்லது பேரிங் ஒரே இடத்தில் பாரம் தாங்கித் தாங்கி வடுப்பட்டுக் கத்தும். அதனால்தான் இரண்டையும் வாரம் மாற்றி வாரம் ஓட்டுவது எங்கள் பழக்கம். ஓடாத மெஷின் பத்திரமாக இருக்கிறது என்று நினைப்பவர் பராமரிப்பில் இருக்க முடியாது.

முதல் ஸ்போர்ட்ஸ் கார்க்காரன் பயத்தில் வண்டியை ஸ்டேண்ட்பை ஆக்கிவிடுகிறான். கவர் போட்டு மூடி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி அணைத்துவிட்டு, "ஓட்டி வச்சிருக்கேன்" என்று திருப்திப்படுகிறான். அந்த ஐந்து நிமிஷம் வண்டிக்குச் செய்யும் கெடுதலுக்கு அளவில்லை. குளிர்ந்த இன்ஜினில் எரிபொருள் தாராளமாக இறங்கும், எரியாதது ஆயிலோடு கலக்கும். எரிந்ததில் உண்டாகும் நீராவி, இன்ஜின் சூடாகாததால் வெளியேற வழியின்றி உள்ளேயே தண்ணீராகித் தங்கும். ஆயில் மூடியைக் கழற்றினால் உட்பக்கம் தயிர் மாதிரி ஒரு படலம் தெரியும். பேட்டரி ஸ்டார்ட் பண்ண இழந்ததைத் திரும்பப் பெற்றிருக்காது. சைலன்ஸருக்குள் ஈரம் நிற்கும். ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணுவதைவிடப் பேட்டரிக்கு ஒரு மெயின்டெய்னர் சார்ஜரை மாட்டிவிட்டுத் தொடாமல் இருப்பது எவ்வளவோ மேல்.

பெட்ரோலும் இப்போது நிற்பதற்கு ஏற்றதாக இல்லை. 2025இலிருந்து நம் பெட்ரோல் பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்துதான் வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய வண்டிகளின் குழாயும் சீலும் பெரும்பாலும் 10 சதவீதத்துக்குத்தான் கணக்குப் போடப்பட்டவை. இதற்கு மாயமருந்து ஊற்றச் சொல்லிக் குப்பிகள் விற்கிறார்கள். நான் செய்வது எளிது. டேங்கில் பெட்ரோலைக் கிடப்பில் போடுவதில்லை, ஓட்டித் தீர்த்துப் புதிதாக நிரப்புகிறேன். வருஷத்துக்கு ஒருமுறை லிப்டில் ஏற்றி எரிபொருள் குழாய்களைக் கையால் தடவிப் பார்க்கிறேன்.

எலியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த வட்டாரத்தில் யாரும் என்னை மன்னிக்க மாட்டார்கள். நெல் அறுப்பு முடிந்ததும் வயலில் இருந்த எலி வீட்டுக்கு வரும். நிற்கிற காரின் இன்ஜின் அறை அதற்கு வெதுவெதுப்பான வீடு. ஒயரிங் ஹார்னஸைக் கடித்துவிட்டால் ஜெர்மன் வண்டியில் பில் லட்சத்தில்தான் ஆரம்பிக்கும். புகையிலை, நாப்தலின் உருண்டை, வாசனைத் தெளிப்பான் எல்லாம் ஒன்றிரண்டு நாளைக்குத்தான். ராத்திரி பானெட்டைத் திறந்து வைப்பதும், அடிக்கடி ஓட்டுவதும்தான் பலிக்கின்றன.

ஓட்டுவது என்று மறுபடி மறுபடி சொல்கிறேனே, எங்கே ஓட்டுவது? கவரைப்பேட்டையிலிருந்து சத்தியவேடு போகிற சாலைதான் என் சாலை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை லாரிகள் குறைவு. எடுத்ததும் மிதிப்பதில்லை. கூலன்ட் முள் ஏழெட்டு நிமிஷத்தில் 90க்கு வந்து நின்றுவிடும், அதை நம்பிப் பலர் மிதிக்கிறார்கள். ஆயில் சூடாக அதைப்போல இரண்டு மடங்கு நேரமாவது ஆகும். சாதாரண ஹேட்ச்பேக்கில் மூன்று, மூன்றரை லிட்டர் ஆயில் என்றால், என் வண்டியில் அதற்கு இரண்டு மடங்குக்கு மேல். அவ்வளவும் சூடாகும்வரை மூவாயிரம் ஆர்பிஎம்மைத் தாண்டுவதில்லை. அந்த நேரத்தில் ரேடியோ போடுவதில்லை, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்கிறேன். பழைய ஃபிட்டர்கள் ஸ்க்ரூ டிரைவர் முனையை பேரிங் வீட்டின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். வைப்ரேஷன் மீட்டர் வந்த பிறகும் என் பிரிவில் இரண்டு பேர் அதை விடவில்லை. சென்னை பாடியில் தனிப் பட்டறை வைத்திருக்கும் என் மெக்கானிக் அண்ணனும் அந்தக் கட்சிதான். ஒருநாள் இன்ஜினில் லேசாக ஒரு சீறல் கேட்கிறது என்று போனேன். ஸ்க்ரூ டிரைவரை இரண்டு மூன்று இடத்தில் ஊன்றிப் பார்த்துவிட்டு என் காதில் கொடுத்தார்.

"கேளுங்க சார். இன்ஜின் சுத்தமா இருக்கு. இது பெல்ட்டு ஐட்லர். நீங்க சும்மா பயந்துட்டு வந்திருக்கீங்க."

"உடனே மாத்தணுமாண்ணே?"

"இன்னும் ஓடும். அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம். சத்தம் கூடுச்சுன்னா மட்டும் போன் போடுங்க."

புத்தகம் பார்த்து வந்த பயத்துக்கும் காதால் கேட்டு வந்த தெளிவுக்கும் உள்ள தூரத்தை அந்த ஸ்க்ரூ டிரைவர் எனக்குக் காட்டியது. சத்தம் கூடுகிறதா என்று தெரிய, முதலில் இன்றைய சத்தம் மனசில் பதிந்திருக்க வேண்டும். அதற்கு ஓட்ட வேண்டும். ஸ்டேரிங்கில் ஒரு சின்ன நடுக்கம், இடப்பக்கம் இழுப்பு, பிரேக் மிதியில் அரை அங்குலம் கூடுதல் ஆழம், எல்லாவற்றையும் முதலில் சொல்வது நம் உடம்புதான். பட்டறை ஸ்கேனர் பிறகுதான் சொல்லும். ஆலையில் ரோந்து போவதை நாங்கள் வேலையாகச் செய்கிறோம். இங்கே அதே ரோந்துதான் எனக்குச் சந்தோஷம்.

ஆயில் சூடான பிறகு கூரையைத் திறப்பேன். சிப்காட்டைத் தாண்டினால் கண்ணன்கோட்டை நீர்த்தேக்கம். சென்னையின் குடிநீருக்காக இரண்டு ஏரிகளைச் சேர்த்துக் கட்டி 2020 நவம்பரில் திறந்தார்கள், அரை டிஎம்சி கொள்ளளவு. கரைப்பக்கம் காற்றின் குளிர்ச்சி மாறுவது மூடிய காரில் தெரியவே தெரியாது. மூன்றாவது கியரில் ஒரு வளைவுக்குள் அறுபதில் நுழைந்து, ஸ்டேரிங்கை ஒருமுறை மட்டும் திருப்பி, திருத்தாமல் வெளியே வருவது என்று ஒரு விளையாட்டு உண்டு. அதற்கு இருநூறு கிலோமீட்டர் வேகம் தேவையில்லை. நல்ல ஸ்போர்ட்ஸ் காரில் நாம் செய்கிற தப்பும் சரியும் உடனுக்குடன் முதுகில் தெரியும், அறுபதிலேயே தெரியும். எடை குறைந்த, தாழ்ந்த வண்டிக்குக் காசு கொடுப்பது இதற்குத்தான்.

இந்தச் சாலையில் மாடுகளுக்கு முதல் உரிமை. சிப்காட் நிலம் மேய்ச்சல் நிலமாக இருந்தது, அதை விடமாட்டோம் என்று ஊர்க்காரர்கள் போராடியது இந்தப் பகுதியில் யாருக்கும் மறக்கவில்லை. மாடுகள் இன்னும் வழக்கத்தை மாற்றவில்லை, மாற்றவும் தேவையில்லை. ஹாரன் அடிக்காமல் நின்று வழிவிடுவது நம் கடமை. சத்தியவேட்டிலிருந்து ஊத்துக்கோட்டை இறங்கி, பெரியபாளையம் வழியாக ஜனப்பன்சத்திரம் வந்து சேர்ந்தால் ஒரு சுற்று முடியும். ஆடி மாத ஞாயிறுகளில் மட்டும் பெரியபாளையத்துப் பக்கம் தலை வைக்காதீர்கள். அம்மன் கூட்டத்தில் கூலன்ட் முள்தான் ஏறும்.

இதைவிட வேகம் வேண்டுமென்றால் அதற்கு இடம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயச் சாலை 3.7 கிலோமீட்டர், 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துவது. அதற்கு முன்பு பந்தயம் நடந்தது எங்கள் பக்கத்தில்தான். செங்குன்றம் தாண்டி சோழவரத்தில் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், 1950களிலிருந்து 80கள் வரை. ஃபியட்டையும், வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டையும் பிரித்து மேய்ந்து, சொந்தக் கையால் கூட்டிக்கட்டி அங்கே ஓட்டினார்கள். உதிரிபாகம் கிடைக்காத காலம். கோயம்புத்தூர் கரிவர்தன் இன்னும் ஒரு படி மேலே போய், மாருதி 800 இன்ஜினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி செய்தார். ஊர் மெக்கானிக்கால் சரிசெய்ய முடிகிற இன்ஜினைப் பந்தய வண்டிக்குள் வைத்ததுதான் அவருடைய சாமர்த்தியம். பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு வெளியே இருந்தவர்களுக்கும் பந்தயம் எட்டியது அதனால்தான். நம்பகத்தன்மைக்கும் ஓட்டும் சந்தோஷத்துக்கும் சண்டை இருக்கிறது என்பவர்கள் அவரை நினைத்துக்கொள்ளட்டும். உலக அளவில் மாஸ்டா மியாட்டாவை நினைத்துக்கொள்ளலாம். 1989இல் வந்தது, இங்கிலாந்து ரோட்ஸ்டர்களின் துள்ளலை ஒழுகாத இன்ஜினோடு கொடுத்தது, பத்து லட்சம் வண்டிகளுக்கு மேல் விற்றது. இந்தியாவுக்கு அது வராமல் போனதில் எனக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபின், எங்கள் ஆலைப் பயிற்சியாளர் பையன்கள் பலருக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்திருக்கிறது. நல்லதுதான். அவர்களுக்கு நான் சொல்வது, அது முதலில் முடித்துக் காட்ட வேண்டிய பந்தயம், பிறகுதான் முந்த வேண்டியது என்று. ஒரு ராத்திரி முழுக்க அந்த வண்டியை உயிரோடு வைத்திருந்த மெக்கானிக்குகளையும் பாருங்கள்.

மழைக்கு ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் வட்டாரத்தில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. தாழ்ந்த வண்டியின் காற்று உறிஞ்சும் வாயும் தாழ்ந்தே இருக்கும். முழங்கால் தண்ணீரில் நின்ற வண்டியை ஆவலில் ஸ்டார்ட் பண்ணிவிட்டால் சிலிண்டருக்குள் போன தண்ணீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். இன்ஷூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு தனிச் சேர்க்கை. பழைய வண்டிக்குக் கிடைக்குமா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள்.

கடைசியாகப் பணம். வண்டி பழசானதும் அதன் விலைதான் இறங்கும், உதிரிபாகத்தின் விலை இறங்காது. அரைக் கோடிக்கு விற்ற காரை இருபது லட்சத்துக்கு வாங்கினாலும் அதன் பிரேக் டிஸ்க் அரைக் கோடிக் காரின் டிஸ்க்தான். சில சாமான் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும், பல கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் காத்திருக்க வேண்டும். வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருஷத்துக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். விற்பவருக்கு வேண்டாத ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய், லிப்டில் ஏற்றி, ஆயில் சாம்பிள் ஒன்று எடுத்து லேபுக்கு அனுப்புங்கள். இரும்பும் செம்பும் எவ்வளவு என்று வரும், சிலிக்கான் ஏறியிருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது என்று தெரியும். இதற்கு ஒத்துக்கொள்ளாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். அந்த ஐந்தில் ஒரு பங்கு கையில் இல்லையென்றால், அது சேரும்வரை ஒரு நல்ல ஹேட்ச்பேக்கை ஓட்டிக்கொண்டிருப்பதே மேல்.